நீலப் புகை

 

கொஞ்சம் நீளமான பதிவு. கார் எஞ்சின் பற்றியது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். எஞ்சின் பற்றியதுதான், ஆனால் அது மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது வாப்பா வைத்திருந்த 1982 கொரோலா. ஸ்ரீ நம்பர். கே.ஈ. 70 என்று சொன்னால் பழைய பாஸ்மாருக்குத் தெரியும். உள்ளே இருப்பது 1290 சீசீ 4கே எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிக் கார்களுக்கும் விலை ஏறியது. விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். வாப்பா மௌத்தான பிறகு அந்த ஸ்டியரிங்கில் கை வைத்தால்தான் எனக்கு அவருடைய ஞாபகம் வரும். விற்க மனம் வரவில்லை.

எட்டியாந்தோட்டைக்கு மேலே தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். ஹட்டன் ரோட்டை விட்டுத் திரும்பினால் முதலில் ஏற்றம். பிறகு இறப்பர் மரங்களுக்கு நடுவே நீண்ட இறக்கம். கீழே ஓடை, சின்னப் பாலம். அதைத் தாண்டியதும் மறுபடி தேயிலைக்குள் ஏற்றம். பதினொரு வருசமாக இதுதான் என் பாதை.

ஒன்றரை வருசத்துக்கு முன் கார் புகைக்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீல நிறத்தில் ஒரு மேகம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு லீட்டர் ஒயில் குடிக்கும். வழக்கமாகப் போகும் கராஜில் காட்டினேன். புகையைப் பார்த்த உடனே, "ரிங் போயிட்டுது, போரும் தேஞ்சிருக்கும். எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். இரண்டரை இலட்சம் ஆகும் என்றார்கள். ஆசிரியர் சம்பளத்தில் வாழ்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மூத்த மகளின் வகுப்புக் காசு, உம்மாவின் மருந்து, வீட்டுக் கடன். அப்புறம் பார்ப்போம் என்று ஒயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

இதில் ஒரு வேடிக்கை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனால் பாஸ். சூடான எஞ்சினை நிறுத்தி வைத்துத்தானே பார்க்கிறார்கள். அந்த நேரம் அது நல்ல பிள்ளையாக இருக்கும். சான்றிதழ் கையில் இருந்தபடியால் எனக்கும் மனச்சாட்சி உறுத்தவில்லை.

ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது, சந்திக் கடையில் ஒரு தம்பி என்னை நிறுத்தினான். ஆறேழு வருசத்துக்கு முன் என்னிடம் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது. அதோடு படிப்பை விட்டு அவிசாவளைப் பக்கம் கராஜ் வேலைக்குப் போனான். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"சேர், கோவிச்சிக்காதீங்க. அம்மா சொல்லிச்சி. சேர் காரு எறங்கி வந்து பாலத்துகிட்ட ஏத்தம் புடிக்கிறப்ப வர்ற பொகையில மூச்சு முட்டுதாம். அம்மாவுக்குக் குறிச்ச மரமெல்லாம் பாலத்துப் பக்கம்தான் சேர்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனுடைய அம்மா இறப்பர் பால் வெட்டுபவர். விடியும்போதே மரத்தடியில் நிற்பவர். ஒன்றரை வருசம் ஒவ்வொரு பாடசாலை நாளும் அவர் முகத்தில் புகையடித்துவிட்டு, மேலே போய் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். பாதையில் கிடக்கும் முள்ளை, கல்லை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று மதரசாவில் சின்ன வயதில் படித்தவன் நான். பாதையில் தொந்தரவைப் போட்டுக்கொண்டு போனவனும் நான்தான்.

"ரிங் போயிட்டுதாம் தம்பி. எஞ்சின் இறக்கணுமாம். அதுதான் காசு சேர்க்கிறேன்" என்றேன்.

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டான்.

"ஏத்தத்துல இழுக்கிறப்ப புகைக்குதா சேர்?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஏற்றத்தில் பாதி தூரம் போனால் புகை நின்றுவிடும்.

"காலையில ஸ்டார்ட் பண்ணின ஒடனே?"

ஆமாம்.

"ஒயில் ஊத்துற மூடியத் தொறந்தா உள்ளேருந்து புஸ்சு புஸ்சுன்னு காத்து அடிக்குதா?"

திறந்து பார்த்ததே இல்லை. அங்கேயே பொனட்டைத் தூக்கி, எஞ்சின் ஓட ஓட மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தான். "அவ்வளவா இல்லயே சேர். இது ரிங்கு மாதிரி தெரியல. வால்வு சீலா இருக்கும். கம்ப்ரஷன் புடிச்சிப் பாத்திடுவம்."

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகள் இருக்கின்றன. எங்கள் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு. ஒவ்வொரு வால்வுக்கும் நீளமான தண்டு. அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும். மேலே ஒயில் தெறித்துக்கொண்டே இருக்கும். தண்டு வழுக்கி ஓட அதில் கொஞ்சம் ஒயில் வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். மிச்சத்தை வழித்து மேலேயே நிறுத்துவதற்குத் தண்டைச் சுற்றி ஒரு சின்ன இறப்பர் தொப்பி இருக்கிறது. அதுதான் வால்வு சீல். சுண்டுவிரல் நுனியில் மாட்டலாம், அவ்வளவுதான் அளவு.

அது இறுகிப்போனால் ஒயில் தண்டு வழியே கீழே இறங்கும். இரவில் நின்ற காரில் துளித்துளியாக இறங்கி உள்ளே தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து நீலப் புகை. இறக்கத்தில் வேறொன்று நடக்கிறது. எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்குகிறோம். பிஸ்டன் காற்றை இழுக்கிறது, ஆனால் கார்புரேட்டர் கதவு மூடியிருக்கிறது. ஸ்ட்ரோவின் நுனியை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் உள்ளே போகும். அதே மாதிரி எஞ்சினுக்குள் வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாக ஒயிலை உறிஞ்சும். கீழே வந்து பாலத்தடியில் எக்சலேட்டரை மிதித்ததும் உறிஞ்சியதெல்லாம் ஒரே மூச்சில் எரியும். அந்த அம்மாவின் மரங்கள் இருக்கும் இடத்தில்.

ரிங் தேய்ந்திருந்தால் பாரம் இழுக்கும்போது, ஏற்றத்தில், விடாமல் புகைக்கும். இரண்டும் நீலப் புகைதான். எப்போது வருகிறது என்று பார்த்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஷன் மீட்டரோடு வந்தான். நான்கு சிலிண்டரும் 150க்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தான். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறும். இங்கே பெரிதாக ஏறவில்லை. "ரிங்கு நல்லாருக்கு சேர்" என்றான். இரண்டரை இலட்சத்துக்கு இறக்க இருந்த எஞ்சின்!

சீல் செட்டும் வால்வு கவர் கெஸ்கட்டும் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். ஐயாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. அடுத்த போயா லீவு நாளில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் வேலை. தலையைக் கழற்றாமலே செய்யலாம் என்றான். தலையைக் கழற்றினால் ஹெட் கெஸ்கட், தண்ணீர் என்று செலவு கூடும்.

வால்வு கவரைக் கழற்றி, ரொக்கர் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் சமமாகத் தளர்த்தி எடுத்தான். அடுத்தது தள்ளுகம்பிகள் எட்டு. ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எழுதச் சொன்னான். "எந்த எடத்துல இருந்திச்சோ அந்த எடத்துக்கே போகணும் சேர். ஒண்ணோட ஒண்ணு தேஞ்சி பழகினது." கம்பியை இழுக்கும்போது நேராக இழுக்காமல் ஒரு முறுக்கு முறுக்கினான். இல்லாவிட்டால் கீழே இருக்கும் டெப்பட் ஒயிலோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுமாம்.

பிறகுதான் எனக்குப் பயமான கட்டம். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வைப் பிடித்திருப்பது ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் விழுந்தால் தலையைக் கழற்றியே ஆகவேண்டும். அதற்கு அவனிடம் ஒரு கயிறு. பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துவாரம் வழியாக நைலோன் கயிற்றை உள்ளே திணித்து, ஒரு முனையை முடிச்சுப் போட்டு வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினான். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நெரித்தது. கயிறு வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொண்டது. எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. அவனுக்குச் சாதாரணம்.

ஸ்பிரிங்கை அமுக்கினால் தண்டைப் பூட்டியிருக்கும் இரண்டு அரைத்துண்டுகள் வெளியே வரும். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. அவை எஞ்சினுக்குள் விழாமல் இருக்க எல்லாத் துவாரத்திலும் துணி அடைத்திருந்தான். அப்படியும் ஐந்தாவது வால்வில் ஒரு துண்டு எகிறிப் போய்விட்டது. நான் அமுக்கிப் பிடித்ததில்தான் தவறு. இருவரும் முக்கால் மணி நேரம் தேடினோம். உள்ளே விழுந்திருக்குமோ என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் சின்ன மகள்தான் கற்றாழைப் பூச்சாடியில் இருந்து எடுத்து வந்தாள்.

பழைய சீலைப் பிடுங்கியபோது அது இறப்பர் மாதிரியே இல்லை. பிளாஸ்டிக் மாதிரி இறுகி, கையில் நொறுங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"சேர், இது நம்ம இறப்பர்தானா?"

அன்றைக்கு அவன் கேட்டு நான் பதில் தெரிந்து சொன்ன ஒரே கேள்வி அதுதான். இல்லை தம்பி என்றேன். 1876இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளோடு தொடங்கியது நம் நாட்டு இறப்பர். அதைக் கொடுத்துத்தான் 1952இல் சீனாவிடம் அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தோம். கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மரங்களின் பால் அந்த அரிசியில் இருக்கிறது. டயருக்கு அது நல்லது. ஆனால் எஞ்சின் ஒயிலில் போட்டால் ஒயிலைக் குடித்து ஊதி, பலமிழந்துவிடும். அதனால் ஒயில் படும் இடத்துக்கு நைத்ரைல் என்ற செயற்கை இறப்பர். அது ஒயிலைத் தாங்கும், ஆனால் வருசக்கணக்கான சூட்டில் இப்படி இறுகிப்போகும். அதைவிடச் சூடு தாங்கும் வைட்டன் மாதிரி வகைகளும் இருக்கின்றன. அவன் அந்த நொறுங்கிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மாகிட்ட சொல்லணும். இவ்வளவு நாளா நம்ம பாலுதான் எல்லாத்துக்கும்னு நெனச்சிக்கிட்டு இருக்கு" என்று சிரித்தான்.

புதிய சீலை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் அதிகமென்றால் குழாய் தேய்ந்திருக்கிறது, புது சீலும் நிலைக்காது. ஏழு நன்றாக இருந்தன. ஒன்றில் லேசான ஆட்டம். மறைக்காமல் அதையும் சொன்னான். தண்டின் நுனியில் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டை வெட்டிவிடாமல் இருக்க, லஞ்ச் ஷீட்டில் ஒரு துண்டைச் சுற்றி, ஒயில் பூசி, அதன் மேல் சீலை வழுக்கி இறக்கினான்.

லுஹர் நேரம் வேலையை நிறுத்தினோம். நான் தொழுதுவிட்டு வர, இருவரும் திண்ணையில் இருந்து சாப்பிட்டோம். அப்போதுதான் கேட்டேன், இவ்வளவு கவனமாக வேலை செய்கிறாயே, வகுப்பில் ஏன் அப்படி இருந்தாய் என்று. பத்தாம் தரத்தில் அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதியது எனக்கு ஞாபகம் இருந்தது: நேரத்துக்கு வருவதில்லை, அக்கறை போதாது.

"அப்பா போனப்புறம் அம்மா தனியா அவ்வளவு மரத்தையும் வெட்டி முடிக்காது சேர். விடியக்காலம் நானும் போயி செரட்டை தொடச்சி வச்சிக் குடுப்பன். மழை பேஞ்சா லேட்டாயிடும். குளிச்சிட்டு வர்றதுக்குள்ள மொத பாடம் முடிஞ்சிரும்."

முதல் பாடம் கணிதம். என்னுடைய பாடம்.

"சொல்லியிருக்கலாமே மகன்" என்றேன்.

"நீங்க கேக்கலயே சேர்" என்றான். குற்றம் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு சாதாரணமாகத்தான் சொன்னான்.

அவன் தினமும் பிந்தி வந்தான். அது மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது. புகையைப் பார்த்ததும் ரிங் என்று சொன்ன கராஜ்காரரை நான் என்ன சொல்ல?

பின்னேரம் எல்லாம் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி வால்வு இடைவெளி வைத்தான். "இன்லெட் எட்டு தவ், எக்ஸோஸ்ட் பன்னெண்டு தவ்." மில்லிமீட்டரில் எவ்வளவு என்று கேட்டேன், பழக்க தோசம். "பூச்சியம் தசம் ரெண்டு, பூச்சியம் தசம் மூணு" என்றான், பீலரிலிருந்து கண்ணை எடுக்காமல். தசமம் விளங்காது என்று நான் முடிவு கட்டியிருந்த பிள்ளை.

ஸ்டார்ட் செய்ததும் மறுபடி புகை! எனக்கு மனம் விட்டுப்போனது. "சைலன்சர்ல தேங்கினது சேர், எரிஞ்சி முடியட்டும்" என்றான். இரண்டு மூன்று நாளில் குறைந்து நின்றது. இப்போது காலையில் மட்டும், அந்த எட்டாவது வால்வின் புண்ணியத்தில், ஒரு சிகரெட் அளவுக்கு வந்து மறையும். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடிவிட்டேன். ஒயில் ஊற்ற வேண்டி வரவில்லை. கூலி வாங்க மாட்டேன் என்றான். சட்டைப் பையில் வலுக்கட்டாயமாக வைத்தேன். வேலை வேலைதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் இறக்கத்தில் இறங்கி, பாலத்தடியில் மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ரோடு தெரிந்தது. மரத்தடியில் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார்.

வகுப்பில் இப்போது பிந்தி வரும் பிள்ளைகளிடம் பாடம் முடிந்த பிறகு தனியாகக் கேட்கிறேன். மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேருக்கும் மூன்று காரணம். ஒருவனுக்கு உண்மையிலேயே சோம்பல்தான். மற்ற இருவருக்கு இல்லை.

இரண்டு விசயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, உங்கள் வாகனம் நீலமாகப் புகைத்தால், எஞ்சினை இறக்கக் காசு கொடுப்பதற்கு முன் எப்போது புகைக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். காலையிலா, ஏற்றத்திலா, இறக்கம் முடிந்த பிறகா? கம்ப்ரஷன் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் போன எஞ்சினுக்குச் சீல் மாற்றிப் பயனில்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

மற்றது முக்கியம். இந்தத் தம்பி மாதிரி, சான்றிதழ் இல்லாமல் கராஜ்களில் வருசக்கணக்காக வேலை செய்யும் பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய இருக்கிறார்கள், தோட்டத்திலும் நம் முஸ்லிம் ஊர்களிலும். செய்து பழகிய வேலையைச் செய்து காட்டி, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதற்கு மறுபடி வகுப்பில் இருந்து படிக்கத் தேவையில்லை. நைட்டா நிறுவனத்தில் விசாரிக்கலாம். சான்றிதழ் இருந்தால் சம்பளம் பேசலாம், வெளிநாட்டு வேலைக்கும் உதவும். அவனுடைய விண்ணப்பத்தை இருவருமாக உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம். படிவம் நிரப்பத் தயங்கும் பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டில், பக்கத்து லயத்தில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனி பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். காசு எதுவும் தேவையில்லை.

வரும்போது வேலை உடுப்போடு வந்தாலும் பரவாயில்லை, பிந்தி வந்தாலும் பரவாயில்லை.

வஸ்ஸலாம்.